பெற்றோர் திருந்தும் சனிக்கிழமை

என் மகள் ஷைனி இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பி.டி. மாஸ்டர் மணிகண்டன் சாரின் கையைக் கடித்துவிட்டாள். அதற்காக என்னைத் திருத்துவது என்று பள்ளிக்கூடத்தில் முடிவு செய்தார்கள்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. திருத்த வேண்டிய ஆள்தான் நான். என் மனைவி கிரேஸைக் கேட்டால் பள்ளிக்கூடத்துக்குத் தெரியாத காரணங்களையும் சேர்த்துச் சொல்லுவாள்.

அந்தப் பள்ளியின் பெயரில் இன்டர்நேஷனல் என்று இருக்கிறது. பள்ளி வேன் மட்டும் பக்கத்து ஊர் கவரைப்பேட்டையைத் தாண்டிப் போனதில்லை. தாளாளர் தன் அறைக்கு வெளியே என்னை வெகுநேரம் நிற்க வைத்துவிட்டு உள்ளே கூப்பிட்டார்.

"மிஸ்டர் ஆசீர்வாதம், குழந்தை ஒரு கண்ணாடி. கண்ணாடியில் அழுக்குத் தெரிந்தால் நாங்கள் கண்ணாடியைத் துடைப்பதில்லை. முகத்தைத் துடைக்கிறோம்" என்றார்.

நான் கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"எங்கள் பள்ளியில் குழந்தைகளால் பிரச்சினை வந்ததே கிடையாது. வருவதெல்லாம் பெற்றோரால்தான். ஆசிரியர்களால் பிரச்சினை என்று இதுவரை எந்த ஆசிரியரும் புகார் கொடுத்ததில்லை. அதனால்தான் பெற்றோர் பயிற்சித் திட்டம் கொண்டுவந்திருக்கிறேன். பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தால் பிள்ளையின் நடத்தை தானாக மாறும். வெளிநாட்டில் ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்கிறார்கள்."

"சரிங்க சார்."

"சனிக்கிழமைதோறும் வகுப்பு. கடைசியில் பட்டமளிப்பு விழா. நீங்கள் பாஸானால் ஷைனி இங்கே படிப்பாள். இல்லாவிட்டால்…"

மேசை மேல் ஷைனியின் டி.சி. தயாராகக் கிடந்தது. தேதி போட வேண்டிய இடம் மட்டும் காலி. நடத்தை என்ற இடத்தில் 'கடிக்கும்' என்று ஒரே சொல்லில் எழுதியிருந்தார்கள்.

என்னைப் பெற்ற நைனா சின்னராசு பொன்னேரிப் பக்கம் ஊராரின் நிலத்தில் நாற்று நட்டு முதுகு வளைந்தவர். நான் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனியில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷில் ஒரு பாட்டை முழுசாகப் பாடும் முதல் ஆள் ஷைனிதான். 'கடிக்கும்' என்று எழுதிய டி.சி.யோடு போனால் எந்தப் பள்ளிக்கூடம் கேட்டைத் திறக்கும்? கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள், போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஷைனியை நிற்க வைத்து விசாரித்தேன்.

"கடிக்கலாமா?"

"கூடாது."

"நீ இன்னா நாய்க்குட்டியா? இனிமே கடிப்பியா?"

"தெரியலப்பா" என்றாள்.

"பாத்தியா, அப்படியே உன் புத்தி" என்றாள் கிரேஸ், அடுப்படியிலிருந்து.

கம்பெனியில் என் வேலை என்னவென்று இங்கே சொல்லிவிட வேண்டும். நான் குவாலிட்டி செக்‌ஷன். கெட்ட வாஷர் ஒன்று வெளியே போய்விட்டால், அது ஏன் வந்தது, அது ஏன் அப்படி ஆனது என்று தோண்டிக்கொண்டே போய் வேரைப் பிடிக்க வேண்டும் என்று சுவர் முழுக்க எழுதிப் போட்டிருக்கிறார்கள். நாங்களும் தோண்டுவோம். கடைசியில் 'ஆபரேட்டருக்கு மறுபயிற்சி அளிக்கப்பட்டது' என்று எழுதி மூடுவோம். வாஷர் வார்க்கும் அச்சே விரிசல் விட்டிருந்தாலும் ஆபரேட்டருக்குத்தான் பயிற்சி. அச்சு மாற்றச் செலவாகும், ஆபரேட்டரை உட்கார வைக்கச் செலவில்லை. அதை எழுதுகிறவன் சாட்சாத் நான்தான். எத்தனையோ பேரை உட்கார வைத்துத் தலையாட்ட வைத்திருக்கிறேன். இப்போது என் முறை வந்தது, அவ்வளவுதான். இதில் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை?

முதல் சனிக்கிழமை ஷிப்ட் முடித்து நேராகப் போனேன். எல்.கே.ஜி. வகுப்பறையில் எல்.கே.ஜி. பெஞ்சில் எங்களை உட்கார வைத்தார்கள். முழங்கால் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பயிற்சி கொடுக்கச் சென்னையிலிருந்து காயத்ரி மேடம் வந்திருந்தார். அவர் வந்தது தாமதமாகத்தான், ஆனால் அவருக்குப் பிறகு வந்த பெற்றோர் எல்லாரும் வராந்தாவில் நிற்க வைக்கப்பட்டார்கள். செல்போன்களை ஒரு பக்கெட்டில் போடச் சொன்னார். வருகைப் பதிவு எடுத்தார். "யெஸ் மேம்" என்று சொல்லாமல் "இருக்கேன்" என்று சொன்ன ஒரு லாரி டிரைவரை எழுந்து நின்று மறுபடி சொல்ல வைத்தார்.

பிறகு மைக்கை வாங்கிக்கொண்டு, "குழந்தைகளிடம் கத்தக் கூடாது!" என்று கத்தினார். முன் பெஞ்சில் ஒரு அம்மாவின் இடுப்பில் இருந்த கைக்குழந்தை வீறிட்டு அழுதது. "அந்தக் குழந்தையை வெளியே கொண்டு போங்க! குழந்தை வளர்ப்பு வகுப்புல குழந்தை எதுக்கு?" என்றார்.

நல்ல கேள்விதான் என்று எனக்கும் பட்டது. ஷிப்ட் களைப்பில் அதைப் பற்றி யோசித்தபடியே தூங்கிவிட்டேன். என் பெயருக்கு எதிரே சிவப்பில் அழுகிற முகம் ஒன்றை ஒட்டினார்கள்.

அடுத்த வாரம் ஒட்டும் நட்சத்திரம் வந்தது. நல்ல பெற்றோருக்குச் சட்டையில் தங்க நட்சத்திரம். எனக்கு நாற்பது வயது ஆகப்போகிறது, யூனியன் தேர்தலில் நின்று தோற்றவன், என்னை இதெல்லாம் என்ன செய்யும் என்று நினைத்தேன். பக்கத்து பெஞ்ச் நர்மதாவுக்கு ஒரு நட்சத்திரம் ஒட்டியதும் என் நெஞ்சு பொறுக்கவில்லை. கேள்வி கேட்கும் முன்பே கையைத் தூக்க ஆரம்பித்தேன். "மேம், மேம், நான் சொல்றேன் மேம்" என்று என் வாயே சொன்னது. வீட்டுப்பாடத்தை நர்மதாவைப் பார்த்துத்தான் எழுதினேன். அவள் மகன் பெயர் சரவணகுமார். நானும் பதற்றத்தில் 'என் மகன் சரவணகுமார் மிகவும் சமத்து' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்கும் நட்சத்திரம் கிடைத்தது.

அந்த வார வீட்டுப்பாடம், பிள்ளை எது செய்தாலும் பாராட்ட வேண்டும் என்பது. ஷைனி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஷைனி, நீ சொம்பைத் தூக்கித் தண்ணி குடிச்ச விதம் எனக்கு ரொம்பப் பெருமையா இருக்குது" என்றேன்.

அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "அம்மா, அப்பாக்கு இன்னாவோ ஆயிடுச்சு."

கிரேஸ் எட்டிப் பார்த்தாள். "காலைல எழுந்து நாஷ்டா பண்ணி, டப்பா கட்டி, துணி தொவைச்சு வச்சிக்கீறேன். அதப் பத்தி எதுனா பாராட்டு இருக்குதா?"

"அது சிலபஸ்ல இல்ல கிரேஸ்."

அன்று இரவு எனக்கு ரசமும் சிலபஸில் இல்லாமல் போனது.

மூன்றாவது வகுப்பில் யோசிக்கும் நாற்காலி என்று ஒன்று கொண்டுவந்தார்கள். தப்பு செய்யும் பெற்றோர் அதில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து யோசிக்க வேண்டும். நான் ஒரு சந்தேகம் கேட்டேன், உட்கார வைத்தார்கள். சந்தேகம் கேட்டது தப்பா என்று இன்னொரு சந்தேகம் கேட்டேன்.

காயத்ரி மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஆசீர்வாதம், உங்க கேஸ்ல பிரச்சினை உங்ககிட்ட ஆரம்பிக்கல. உங்கள வளர்த்தவர்கிட்ட இருக்கு. அடுத்த வாரம் வரும்போது உங்க அப்பாவக் கூட்டிட்டு வாங்க."

பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில்கூட என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. நைனாவுக்குப் போன் போட்டேன். "இன்னாடா தப்பு பண்ண?" என்றுதான் அவரும் முதலில் கேட்டார். வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு யூனிட் ரயில் ஏறிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்துவிட்டார்.

"ஐயா, உங்க மகன நீங்க எந்த முறையில வளர்த்தீங்க?" என்று மேடம் கேட்டார்.

"நான் எங்கம்மா வளத்தேன்? நடவுக்குப் போய்க்கினு வந்துக்கினு இருந்தேன். திரும்பிப் பாத்தா அதுவா வளந்து நிக்குது."

"பாத்தீங்களா!" என்று மேடம் எங்கள் பக்கம் திரும்பினார். "இதுதான் வேர்!"

எல்லாரும் நைனாவைத் திரும்பிப் பார்த்தோம். அவரும் யாரையோ சொல்கிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"உங்க அப்பா உங்கள எப்படி நடத்தினாரு?"

"எங்க நைனாவா? அவர் பூட்டாரே. கல்லறைத் தோட்டத்துல கீறாரு. அவரையும் இட்டாரணுமா?"

மேடம் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் உண்மையாகவே கொஞ்ச நேரம் யோசித்தார். "போட்டோ இருந்தா கொண்டு வாங்க" என்றார்.

இருந்த ஒரே போட்டோவை அடுத்த வாரம் கொண்டுபோய் பெஞ்சில் வைத்தோம். அதற்கும் வருகை போட்டார்கள். நைனா மட்டும் வகுப்பில் சக்கைப்போடு போட்டார். மேடம் எது சொன்னாலும் "ஆமாம்மா, கரெக்ட்டும்மா" என்பார். சட்டைப் பையின் மேல் இரண்டு வரிசை நட்சத்திரங்களோடு பொன்னேரி ரயிலில் திரும்பிப் போவார். ஒரு டி.டி.ஆர். அவரை ஏதோ பெரிய ஆபீசர் என்று நினைத்து டிக்கெட் கேட்காமல் விட்டாராம். கேட்டிருந்தால் மாட்டியிருப்பார், அவர் டிக்கெட் எடுக்கவில்லை.

இதற்கிடையில் ஷைனி இன்னொரு முறை கடித்துவிட்டாள். அதே மணிகண்டன் சாரை, அதே கையில். எனக்குக் கொடுத்த நட்சத்திரங்களை எல்லாம் பிடுங்கிக்கொண்டார்கள். தாளாளர் என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்குப் பயிற்சி இன்னும் உள்ளே இறங்கவில்லை. பட்டமளிப்பு விழா அன்று உங்கள் நடத்தையைப் பார்த்துத்தான் முடிவு" என்று டி.சி.யை எடுத்து ஒருமுறை விசிறிக் காட்டினார்.

எனக்கு ஷைனி மேல் கோபம் கோபமாக வந்தது. அப்பன் எல்.கே.ஜி. பெஞ்சில் முழங்கால் தேயப் பாடுபடுகிறானே என்ற இரக்கம் இந்தப் பிள்ளைக்கு இல்லையே என்று நினைத்தேன். "உன்னால நான் எவ்ளோ பேஜாரு படறேன் தெரியுமா?" என்று கேட்டேன். அவள் என் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். அதற்கு மட்டும் அவளைப் பாராட்ட மறந்துவிட்டேன்.

பட்டமளிப்பு விழா மார்ச் மாத வெயிலில், தகரக் கூரை போட்ட பிரார்த்தனை மண்டபத்தில் நடந்தது. எங்களுக்குக் கறுப்பு சாட்டின் அங்கியும் தட்டைத் தொப்பியும் மாட்டினார்கள், கூட வந்த கிரேஸுக்கும் சேர்த்து. முன்னால் பிள்ளைகள், பின்னால் நாங்கள். நைனாவுக்குத் தொப்பி நிற்கவில்லை, குஞ்சத்தை வாயில் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் ரோஸ்மில்க் கொடுத்தார்கள். வெயிலுக்கு இதமாக இருந்தது, மறுபடி மறுபடி வாங்கிக் குடித்தேன். இலவசம் என்றால் எனக்கு நிதானம் தெரியாது.

சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற ஒரு கல்வி அதிகாரி, சர்க்கரை வியாதிக்காரர். திருவள்ளூரிலிருந்து காரில் அவர் வந்து சேர உச்சிவெயில் ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் தாளாளர் பேச எழுந்தார்.

"அன்பார்ந்த பெற்றோர்களே! கட்டுப்பாடு என்றால் என்ன? அடக்குவது! நான் சின்ன வயதிலிருந்தே எல்லாவற்றையும் அடக்கி அடக்கித்தான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறேன்…"

அவர் மேலே ஏதேதோ சொன்னார். எனக்கு அந்தச் சொல்லுக்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. ரோஸ்மில்க் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. காலை மாற்றிப் போட்டேன், வேளாங்கண்ணி மாதாவை வேண்டினேன், சிப்காட் ரோட்டில் உள்ள கம்பெனிகளின் பெயர்களை வரிசையாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவுக்கு நழுவினேன். அங்கே மணிகண்டன் சார் குறுக்கே கை நீட்டிக்கொண்டு நின்றார்.

"ஸ்பீச் முடியட்டும் சார்."

"அவசரம் சார். பாத்ரூம்."

"அது பூட்டிக்கீது சார். லஞ்சுக்குத்தான் தொறக்கணும்னு ஆர்டரு."

"இன்னாது, எங்களுக்குமா?"

"பசங்களுக்கும் அதான், உங்களுக்கும் அதான். எங்க ஸ்கூல்ல எல்லாரும் ஒண்ணுதான் சார்" என்றார் பெருமையாக.

சாவி அவர் விரலில் ஒரு கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கை நீட்டினேன், அவர் பொத்திக்கொண்டார். கெஞ்சினேன், தலையாட்டினார். வலி தாங்காமல் குனிந்தேன். குனிந்த இடத்தில் அவர் கை இருந்தது. யோசித்துச் செய்தேன் என்றால் அது பொய். ஒரு நிமிஷம் கழித்துத்தான் என் வாய்க்குள் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

சாவியை விடாமலே மணிகண்டன் சார் போட்ட அலறலில் மண்டபமே திரும்பியது. தாளாளர் மேடையிலிருந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பாருங்கள்!" என்று மைக்கில் முழங்கினார். "நன்றாகப் பாருங்கள்! அந்தக் குழந்தை எங்கே கற்றுக்கொண்டது என்று இப்போது தெரிகிறதா? என் திட்டத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?"

பலத்த கைதட்டல். காயத்ரி மேடம் எழுந்து நின்று தட்டினார். நைனாவும் பழக்க தோஷத்தில் தட்டிவிட்டு, கடித்தது தன் மகன்தான் என்று தெரிந்ததும் கையை அங்கிக்குள் மறைத்துக்கொண்டார்.

நான் டி.சி.யை நினைத்துக்கொண்டு, வாயைத் துடைத்தபடி நின்றேன். முன் வரிசையிலிருந்து ஷைனி ஓடி வந்தாள். அவள் முகத்தில் கொஞ்சம்கூட வெட்கம் இல்லை. என் அங்கியைப் பிடித்து இழுத்து மெதுவாகக் கேட்டாள்.

"ஒண்ணுக்காப்பா?"

"ஆமாம்மா."

"குடுக்க மாட்டாரு. நானும் கேட்டுப் பாத்தேன். கைய இறுக்கப் பொத்திக்குவாரு."

எனக்குத் தலையில் யாரோ குட்டிய மாதிரி இருந்தது. "அதுக்குத்தான் கடிச்சியா?"

"கடிச்சதும் சாவி கீழ வுழுந்துச்சுப்பா."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ எங்க ஏன்னு கேட்ட? கடிப்பியா கடிப்பியான்னுதானே கேட்டுக்கினு இருந்த."

பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது. கேவலம் ஒரு ரப்பர் வாஷருக்கு ஏன், ஏன் என்று கேட்கிறவன், பெற்ற பிள்ளையிடம் ஒரு தடவை கேட்கவில்லை. உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. ஆனால் உட்கார்ந்தால் நிலைமை கைமீறிவிடும் என்பதால் நின்றுகொண்டே கலங்கினேன்.

பின்னாலேயே வந்த கிரேஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். தான் போட்டிருந்த அங்கியை உருவி என் தோளில் போட்டாள். "சின்னப் புள்ளைங்க மூத்திரத்த அடக்கினு உக்காந்துக்கீதுங்க, நீ எங்களுக்குப் பாடம் நடத்தறியா? சாவியக் குடு சார்" என்று மணிகண்டன் சார் முன்னால் போய் நின்றாள். நர்மதாவும் எழுந்தாள். ரோஸ்மில்க் குடித்த எல்லாருமே ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

"அமருங்கள்!" என்றார் தாளாளர். "அம்மா, அது சாதாரணக் கழிப்பறை இல்லை. சுத்தத்துக்காகக் கேடயம் வாங்கிய கழிப்பறை. அது சுத்தமாக இருப்பதற்குக் காரணமே அதை யாரும் பயன்படுத்தாததுதான்! திறந்துவிட்டால் பிள்ளைகள் போய்விடுவார்களே!"

சிறப்பு விருந்தினர் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. அது எந்தப் பக்கம் இருக்குன்னு சொன்னீங்க?"

அடுத்த நொடி பூட்டு திறந்தது. முதலில் சிறப்பு விருந்தினர் போனார். அவருக்கு அடுத்து யார் போவது என்பதில் பயிற்சி பெற்ற பெற்றோர் எல்லாரும் முண்டியடித்தோம். ஷைனி என் கையைப் பிடித்துக் கூட்டத்தில் வழி பண்ணிக்கொண்டு போனாள். உள்ளே நல்ல வாசனை. சுவரில் கேடயம் மாட்டியிருந்தது. அப்படி ஒரு நிம்மதியை என் கல்யாணத்தன்றுகூட நான் அனுபவித்ததில்லை, கிரேஸுக்கு இது தெரிய வேண்டாம்.

வீட்டுக்கு நடக்கும்போது ஷைனி என்னை அண்ணாந்து பார்த்தாள். "நான் டெய்லியும் லஞ்சு வரைக்கும் அடக்குவேம்ப்பா. உன்னால ஒரு ஸ்பீச்சு கூட அடக்க முடியல."

ரோடென்றும் பார்க்காமல் அவளைத் தூக்கிக்கொண்டேன். "தப்பு எம்மேலதாம்மா" என்றேன். அவள் என் தொப்பியை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். டி.சி. வாங்கத்தான் என்று நினைத்துப் போனேன். அவர் நிலைமையை விளக்கினார். குற்றம் முழுக்க என்னிடம் இருப்பது ஊரறிய நிரூபணமாகிவிட்டதால் குழந்தை நிரபராதி, அவள் தொடர்ந்து படிக்கலாம், நான் உயர்நிலைப் பயிற்சிக்கு வர வேண்டும் என்றார். நன்றி சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். கழிப்பறையைப் பற்றியும் கேட்டேன். அங்கேதான் அவருக்குச் சங்கடம். மணிகண்டன் சார் கையில் கட்டோடு வந்து, "இந்தச் சாவி எனக்கு வேணாம் சார். குடும்பமே கடிக்குது" என்று மேசையில் வைத்துவிட்டாராம். வேறு எந்த ஆசிரியரும் வாங்கவில்லை. வாட்ச்மேனும் ஊசி போட்டுக்கொண்டு வந்து வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவில்லை. பூட்டு அன்றிலிருந்து சும்மா தொங்குகிறது.

ஷைனி அதற்குப் பிறகு யாரையும் கடிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு எதிரில் பள்ளி ஒரு ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறது. அங்கியில் நான் சிரிக்கிறேன், கீழே 'பெற்றோர் பயிற்சியால் பிள்ளையின் நடத்தையில் முழு மாற்றம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கம்பெனி பஸ்ஸில் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் உண்மையா என்று என்னைக் கேட்கிறார்கள்.

உண்மைதான். பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தால் பிள்ளைகளின் நடத்தை கட்டாயம் மாறும், அடித்துச் சொல்வேன். வகுப்புக்குப் போகுமுன் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டும், அது மட்டும்தான் விஷயம்.